தான் கட்டிய விமானத்தில் தானே ஏறுவது

தன் கையால் கட்டிய ஒன்றில் தன் உயிரை வைத்து ஏறுகிறவனிடம் இருப்பது விசுவாசமா, அகங்காரமா? என் தம்பி மகன் இதை இந்த வார்த்தைகளில் கேட்கவில்லை. "அத்தை, நானே ஒரு ப்ளேன் கட்டி நானே ஓட்டினா, அது திமிரா?" என்றான். அவன் அம்மா அப்படிச் சொல்லியிருக்கிறாள். பெருமாள் மனுஷனுக்கு இறக்கை வைக்கவில்லை, வைக்காததை நாமாக ஒட்டிக்கொண்டு கிளம்புவது திமிர்தான் என்பது அவள் கட்சி. தம்பியோ, விதி இருந்தால் உயிர் தரையிலேயே போகும், இல்லாவிட்டால் ஆகாயத்திலும் போகாது என்று முடித்துவிட்டான். இரண்டு பதிலும் பையனுக்குப் போதவில்லை. எனக்கும் போதவில்லை.

அவன் ஒரகடத்தில் வேலை பார்க்கிறான். நான் காக்களூர் சிட்கோவில் தகடு வேலை செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்து ஓய்வு பெற்றவள். ஓட்டை, பிசிறு, விரிசல், ரிவெட், இவைதான் என் படிப்பு. அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு, உபந்யாசம் நடந்தால் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவேன். என் வேதாந்தம் அங்கே கிடைத்ததுதான். இந்த இரண்டு படிப்பையும் வைத்துக்கொண்டு அவனுக்குப் பதில் தேடினேன்.

அவனுடைய ஆசை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். மணவாள நகரில் வளர்ந்த பிள்ளை. மேற்கே அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளம். அங்கிருந்த டியூ-142 விமானங்கள் 2017-ல் ஓய்வு பெறும்வரை, நான்கு எஞ்சினும் உறும அவை வரும் சத்தம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு மாடிக்கு ஓடுவான். இப்போது அவனிடம் இருப்பது கிட் விமானத்தின் வரைபடங்கள். இறக்கை, வால், உடம்பு எல்லாவற்றுக்கும் அலுமினியத் தகடுகளை வெட்டி, ஓட்டை போட்டு, வளைத்துப் பெட்டியில் அனுப்புகிறார்கள். வாங்குகிறவன் பிசிறு எடுத்து, பொருத்தி, ரிவெட் அடித்துச் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் இதற்கு ஒரு விதி உண்டு: வேலையில் பாதிக்கு மேல் கட்டுகிறவனே, கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ செய்திருக்க வேண்டும். அப்போதுதான் அது அமெச்சூர் கட்டிய விமானம் என்று ஒப்புக்கொள்வார்கள்.

இதை வெள்ளைக்காரர்களின் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. சென்னையிலேயே 1910-ல் நடந்திருக்கிறது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜாகோமோ டி ஏஞ்சலிஸ், கோர்சிகா தீவுக்காரர், மிட்டாயும் கேக்கும் செய்து பெயரெடுத்தவர். முந்தைய ஆண்டு ஜூலையில் ப்ளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பறந்த செய்தி அவரைப் பிடித்துக்கொண்டது. தானே ஒரு விமானத்தை வடிவமைத்தார். கோச் வண்டி கட்டுவதில் கைதேர்ந்த சிம்ப்சன் கம்பெனியிடம் கொடுத்துக் கட்டவைத்தார். பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். பிறகு டிக்கெட் போட்டுப் பொதுமக்களுக்குக் காட்டினார். கூட்டத்திலிருந்து ஒரு பையனையும் ஏற்றிக்கொண்டு பறந்தார். அலகாபாத்தில் தபால் பையோடு விமானம் பறந்து புகழ் பெற்றது 1911 பிப்ரவரியில். நம் ஊர் மிட்டாய்க்காரர் அதற்கு முன்னாலேயே பறந்துவிட்டார்.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்தது அதன் வரிசை. வடிவம் ஒருவருடையது. இழைத்துப் பூட்டியது வண்டி கட்டும் ஆசாரிகளும் கொல்லர்களும். முதலில் சோதனை, பிறகு காட்சி. முன்பின் தெரியாத வீட்டுப் பிள்ளையை ஏற்றியது எல்லாவற்றுக்கும் கடைசியில். எந்தக் காலத்து இன்ஸ்பெக்டரும் இந்த வரிசைக்குக் கையெழுத்துப் போடுவார்.

நம் காலத்திலும் உண்டு. மும்பை காந்திவலியில் அமோல் யாதவ் என்ற விமானி தன் குடும்பம் இருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். கிட் இல்லை, சொந்த வடிவம். 2016 பிப்ரவரியில் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைத்தார். அரசுப் பதிவு கிடைக்க 2017 நவம்பர் ஆயிற்று. ஆலப்புழையிலிருந்து இங்கிலாந்து போன அசோக் தாமராக்ஷன், கொரோனா ஊரடங்கில் எஸ்ஸெக்ஸில் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் கிட்டை வாங்கிக் கட்டினார். நான்கு பேர் உட்காரும் அந்த விமானத்துக்கு இளைய மகள் தியாவின் பெயரே பதிவெழுத்து. 2022-ல் அதிலேயே ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வந்தார்.

இவர்கள் எல்லாரையும்விட என் மனத்தில் நிற்பவர் தொடுபுழைப் பக்கத்து சஜி தாமஸ். வாய் பேசவும் காது கேட்கவும் முடியாதவர். ரப்பர் தோட்டத்துக்கு மருந்தடிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்துப் பிடித்த ஆசை. பல வருஷம் பழைய சாமான்களைத் தேடிச் சேர்த்து ஒரு சின்ன விமானத்தைக் கட்டினார். அது பறந்தது நம் திருநெல்வேலிச் சீமையில், மணிமுத்தாற்றில், 2014-ல். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி அதை ஓட்டிப் பார்த்தார். எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டுச் சொல்ல முடியாத ஒருவர் கட்டிய விமானத்தில், வாழ்நாள் முழுக்க விமானங்களோடு இருந்த ஒருவர் ஏறினார். விசுவாசம் என்றால் இதைச் சொல்லலாம். அந்த அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு ஏறியிருக்க மாட்டார். ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்திருப்பார் என்பது என் துணிவு. இழுத்துப் பார்த்ததால் விசுவாசம் குறைந்துவிட்டதா? என் அறிவுக்கு, இழுத்துப் பார்த்த பிறகுதான் அது விசுவாசம் ஆகிறது.

இங்கேதான் வைஷ்ணவத்தில் இருக்கும் ஒரு பழைய வழக்கு எனக்கு வேண்டியிருக்கிறது. உடையவர் ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் எங்கள் ஊர்ச் சாலையிலேயே போனால் வந்துவிடும். அவருக்குப் பின் வந்தவர்கள் இரண்டு கலையாகப் பிரிந்ததற்குச் சொல்லும் காரணங்களில் குரங்கும் பூனையும் உண்டு. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். ஜீவனிடமும் அப்படி ஒரு பற்றுதல், ஒரு முயற்சி வேண்டும் என்பது வடகலை. பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாய் கவ்விக்கொண்டு போகிறது; அருளுக்கு நம் முயற்சி விலையாகாது என்பது தென்கலை. மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று உபந்யாசத்தில் சொல்வார்கள். தம்பியின் விதி வாதத்தைப் பூனைக் கட்சி என்று நினைத்துவிடக் கூடாது. பூனைக்குட்டிக்குத் தாய் மேல் இருப்பது நம்பிக்கை. தம்பி சொன்னது கவலைப்படாமல் இருக்க ஒரு சாக்கு.

பையன் குரங்குக் கட்சி. எல்லாவற்றையும் தானே பற்றிக்கொள்ளப் பார்க்கிறான். நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: உன் பிடி சரியாக இருக்கிறதா என்று யார் பார்ப்பது? "நானே செக் பண்ணுவேன் அத்தை, ரெண்டு தடவை பண்ணுவேன்" என்றான்.

அவனுக்கு எங்கள் கம்பெனியில் நடந்ததைச் சொன்னேன். ட்ரில்லிங்கில் ஓர் ஆள் இருந்தார். அவர் கை வைத்தால் ஓட்டை கண்ணாடி மாதிரி இருக்கும். தான் செய்த பீஸைத் தானே அளந்து எழுதிவைக்கிற நேர்மையும் உண்டு. ஒரு முறை ஒரு லாட் முழுக்க பிராக்கெட்டுகள் போல்ட் ஏறவில்லை என்று திரும்பி வந்தன. ஓட்டைகள் எல்லாம் அரை மில்லிமீட்டர் ஒரே பக்கம் தள்ளியிருந்தன. அவர் ஒவ்வொன்றையும் அளந்திருந்தார், அளவு எல்லாம் சரி. விஷயம் என்னவென்றால், தகட்டைப் பிடித்து நிறுத்தும் பிக்ஸ்சரில் இருந்த ஒரு பின் தேய்ந்திருந்தது. எந்தப் பின்னை ஆதாரமாக வைத்து ஓட்டை போட்டாரோ, அதே பின்னை ஆதாரமாக வைத்துத்தான் அளந்தும் இருக்கிறார். இருநூறு தடவை அளந்தாலும் அந்தத் தவறு அவருக்குத் தெரிந்திருக்காது. அது சோம்பலும் இல்லை, பொய்யும் இல்லை. தவறு பிறந்த இடத்திலிருந்தே அளவும் பிறந்தது.

அகங்காரம் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பது வெறும் தோரணை. அது போனால் போகிறது. தன்னை அளவின் தொடக்கமாக வைத்துக்கொண்டு தன்னையே அளப்பதுதான் ஆபத்தான அகங்காரம். அது அடக்கமானவர்களிடமும் இருக்கும். எங்கள் ட்ரில்லிங்காரர் தலை நிமிர்ந்து பேசாத மனிதர். ஆகவே, தானே கட்டி தானே பறப்பது திமிர் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. தானே கட்டி, தானே சரிபார்த்து, அது போதும் என்று ஏறுவதைத்தான் பயப்படுகிறேன்.

சரணாகதிக்கு அங்கங்கள் சொல்வார்கள். அதில் கார்ப்பண்யம் ஒன்று: என்னால் ஆகாது, என் கை போதாது என்று உண்மையாக உணர்வது. மகாவிசுவாசம் இன்னொன்று: காப்பான் என்ற உறுதி. இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். நாமோ விசுவாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கார்ப்பண்யத்தை விட்டுவிடுகிறோம். போதாமை தெரியாதவனுடைய விசுவாசம் எங்கள் பிக்ஸ்சர் பின் போன்றதுதான். இன்னொன்றும் உண்டு. குரங்குக் கட்சியானாலும் பூனைக் கட்சியானாலும், பெருமாளிடம் தனியாகப் போய் நிற்பதை இரண்டு கலையாரும் சொல்வதில்லை. நடுவில் தாயார் புருஷகாரமாக, நமக்காகப் பரிந்து பேசுபவராக, நிற்க வேண்டும். ஆசாரியன் கைகாட்ட வேண்டும். நம் குற்றம் தெரிந்த ஒருவர், நம் நன்மையை விரும்புகிற ஒருவர், இரண்டும் ஒரே ஆளாக நடுவில் இருக்கிறார். நல்ல இன்ஸ்பெக்டர் என்பவர் அந்த இடத்தின் மிகச் சின்ன நிழல் என்று சொன்னால் பெரியவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

விமானம் கட்டுகிற வேலையே இதைச் சொல்லித்தருகிறது. பாப் ரிவெட் என்றால் ஒருவரே இழுத்துவிடலாம். கெட்டி ரிவெட் அப்படி இல்லை. வெளியே ஒருவர் ரிவெட் கன்னைப் பிடிக்க வேண்டும்; தகட்டின் உள்பக்கம் இன்னொருவர் கையை நுழைத்து இரும்புக் கட்டியை முட்டுக் கொடுக்க வேண்டும். உள்ளே நசுங்கி உருவாகும் தலைதான் பிடிப்பு. அதன் அகலம் ரிவெட் தண்டின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கும், உயரம் பாதியும் இருக்க வேண்டும். வெளியே நிற்கிறவருக்கு அது தெரியாது. உள்ளே இருப்பவர் "சரி" என்றால் சரி, "எடு" என்றால் ட்ரில் போட்டு எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு ஓட்டைக்கும் பிசிறு எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் அந்த விளிம்பிலிருந்து விரிசல் கிளம்பும், வருஷங்கள் கழித்து, யாரும் பார்க்காத நேரத்தில்.

கிட்டாக வாங்கினால் தொழிற்சாலைக்காரன் பார்த்திருப்பான் என்று விட்டுவிடவும் முடியாது. உலகத்தில் மிக அதிகமாகப் பறக்கும் கிட் விமானங்களை அனுப்பும் அமெரிக்காவின் வான்ஸ் கம்பெனியே லேசரில் ஓட்டை வெட்டிய பாகங்களில் விரிசல் வரும் சிக்கலில் மாட்டி, 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அந்த விரிசல்கள் வெளியே வந்ததற்கு, வீட்டுக் கொட்டகைகளில் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த சாதாரண மனிதர்களின் கண்ணும் ஒரு காரணம்.

இனி வினைப்பயன். இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஜான் டென்வர் என்ற அமெரிக்கப் பாடகர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டிய லாங்-ஈஸி விமானம் வேறொருவர் வீட்டில் கட்டியது. டென்வர் அதை வாங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. பெட்ரோல் எந்தத் தொட்டியிலிருந்து வர வேண்டும் என்று மாற்றும் திருகை வடிவமைப்பாளர் சொன்ன இடத்தில் வைக்காமல், விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார் கட்டியவர். விமானி உட்காரும் இடத்துக்குள் பெட்ரோல் குழாய் வரக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அதைத் திருப்ப வேண்டுமானால் விமானி உடம்பைப் பின்னால் முறுக்க வேண்டும். பெட்ரோல் குறைவாக இருந்தது, திருப்பப் போனார், விமானம் கையை விட்டுப் போனது.

வினை செய்தவன் ஒருவன், பயன் அனுபவித்தவன் இன்னொருவன். நான் செய்ததை நானே அனுபவிப்பேன் என்று தைரியமாகச் சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்ற கீதையின் உபதேசத்தை, பலனைப் பற்றிக் கவலைப்படாதே என்று பாதியாகப் புரிந்துகொண்டவர்கள் நம்மிடையே நிறைய. எனக்கு வர வேண்டிய பலனில் பற்று வேண்டாம், சரி. என் வேலையின் பலன் யார் தலையில் விழும் என்று பார்ப்பது என் கடமையின் உள்ளேதான் இருக்கிறது. எங்கள் கம்பெனி பிராக்கெட் எந்த லாரியில் ஏறி எந்த மலைப்பாதையில் போகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் கூர்ந்து பார்த்தேன்.

அமெரிக்க விதியில் இன்னொரு நல்ல வழக்கம். புதிதாகக் கட்டிய விமானத்தை வழக்கமாக முதல் 25 அல்லது 40 மணி நேரம் சோதனையாக ஓட்ட வேண்டும். அப்போது பயணிகளை ஏற்றக் கூடாது. அதற்குப் பிறகும், இது அமெச்சூர் கட்டியது, வழக்கமான விமானத்துக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதில்லை என்று ஏறுகிறவர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டியிருக்க வேண்டும். கட்டியவனே தன் குறையைத் தன் விமானத்துக்குள் எழுதிவைக்கிறான். கார்ப்பண்யத்துக்கு இதைவிடச் சுருக்கமான எழுத்தை நான் பார்த்ததில்லை.

தம்பி மனைவிக்கும் நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன். ரைட் சகோதரர்களின் அப்பா மில்டன் ரைட் ஒரு பிஷப். ஆண்டவன் மேல் பாரத்தைப் போட்டவர்தான். ஆனாலும் பிள்ளைகள் இருவரும் ஒன்றாக ஒரே விமானத்தில் ஏறக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். விபத்தானால் ஒருவராவது மிஞ்ச வேண்டும். அவர் அனுமதியோடு ஒரே ஒரு முறை, 1910 மே 25 அன்று, இருவரும் சேர்ந்து பறந்தார்கள். அதே நாளில் 81 வயதில் அவரும் மகனோடு ஏறிப் பறந்தார். பயமும் பக்தியும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் அம்மா. இறக்கை வைக்காத பெருமாள் கையை வைத்திருக்கிறார், அந்தக் கைக்குப் பிசிறு எடுக்கும் பொறுமையையும் வைத்திருக்கிறார்.

ஆயுதபூஜைக்கு எங்கள் கம்பெனியில் எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், பொரி, பூசணிக்காய். நான் மட்டும் ஒரு விஷயத்தில் பிடிவாதம். மைக்ரோமீட்டரின் அளவு முகத்தில் சந்தனம் வைக்க விடமாட்டேன். பெட்டியின் மேல் வையுங்கள் என்பேன். புதிதாக வந்த பிள்ளைகள், சாமிக்கு வைப்பதையா தடுப்பது என்று பார்ப்பார்கள். அந்தக் கருவி உண்மையைச் சொல்வதுதான் அதற்குச் செய்யும் பூஜை. அதன் முகத்தை மறைத்துவிட்டு எந்தச் சாமியைக் கும்பிடுவது?

எல்லாவற்றையும் சோதித்துப் பார் என்கிறேனா? இல்லை. எங்கள் ஊர்ப் பெருமாள் கதையே எனக்கு எல்லை போட்டுவிடும். சாலிஹோத்திர முனிவர் நோன்பு முடித்து மாவு சமைத்து உட்கார்ந்தபோது ஒரு கிழவர் வந்து பசி என்றார். யார், எவர் என்று கேட்காமல் கொடுத்தார். இன்னும் வேண்டும் என்றதும் தனக்கு வைத்ததையும் கொடுத்தார். படுக்க இடம் கேட்டதும் தன் இடத்தையே காட்டினார். கிழவராக வந்தது பெருமாள். முனிவர் வந்தவரைச் சோதித்திருந்தால் கதையே இல்லை. நான் பிரித்துக்கொள்வது இப்படி: சோதிக்க வேண்டியது என் கை வேலையை, பசித்து வந்தவனை அல்ல. உலகத்தில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பையனுக்கு என் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். கட்டு. அது திமிர் இல்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் பதிவும் அனுமதியும் கிடைக்கும்வரை தரையை விட்டு எழும்பாதே. அதுவரை முழு விமானத்துக்குப் போகாமல், சின்னதாக ஒரு வால் துண்டு, பழகுவதற்கு மட்டும். பாரிமுனையில் தகடு வாங்கிவந்திருக்கிறான். வெளியே அவன் கன் பிடிக்கிறான், உள்பக்கம் கட்டி பிடிப்பது நான். நிறைய தடவை "எடு" என்று சொல்லியிருக்கிறேன். முகம் சுளிக்காமல் எடுக்கிறான்.

இதைப் படிக்கிறவர்களில் காக்களூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இன்ஸ்பெக்ஷனிலும் டூல்ரூமிலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள் இருப்பீர்கள். உங்கள் தெருவில் எந்தப் பிள்ளையாவது மாடியில், கொட்டகையில் ஏதாவது கட்டிக்கொண்டிருந்தால் கூப்பிடும்வரை காத்திராதீர்கள். விமானமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மின்சார சைக்கிளாக இருக்கலாம், மோட்டார் படகாக இருக்கலாம். மூக்குக்கண்ணாடியும் டார்ச்சும் ஒரு வெர்னியரும் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். உங்கள் கண் அந்தப் பிள்ளைக்கு வேண்டும்.